கடைசி நேரத்துச் சோதனை



இல்லத்தில் இருந்தபடியே நாலு காசு ஈட்ட விரும்பும் பெண்களுக்குத் தையல், சிற்றுண்டித் தயாரிப்பு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல் என்று சில வழிகள் தொன்றுதொட்டு உண்டு. அவற்றோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இன்னொரு வழியும் நம் ஊர்களில் சேர்ந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பாத்திரங்களையோ அழகுப் பொருள்களையோ தோழி ஒருத்தியின் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து, அவற்றின் பயனைச் செய்து காட்டி விற்பதே அவ்வழி. பெண்கள் இதனைப் ‘பார்ட்டி’ என்றும் ‘டெமோ’ என்றும் சொல்கின்றனர். நாம் வீட்டு விற்பனைக் கூட்டம் என்போம்.

பொன்னேரி போன்ற ஊருக்கு இத்தொழில் பொருந்தி வருவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் ஆலைகளுக்கோ, மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கத்துப் பணிகளுக்கோ, புறநகர் ரயிலேறிச் சென்னைக்கோ செல்கின்றனர். பிள்ளைகளும் பள்ளிக்குச் சென்றபின், பகலில் இரண்டு மூன்று மணி நேரம் பெண்களுக்குக் கையில் மிஞ்சுகிறது. படித்திருந்தும் வெளியே வேலைக்குச் செல்ல இயலாத சகோதரிக்கு அந்த இரண்டு மணி நேரமே ஒரு சிறு கடையாகிவிடுகிறது.

ஆனால் இந்தக் கடைக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. அது வேறொருவர் வீட்டில் நடக்கிறது. ஆகையால் கடைசி நேரத்துச் சோதனைகள் இத்தொழிலில் அதிகம். வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள். வர வேண்டிய சரக்கு வராது. பேசத் தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றுவிடும். அப்போது என்ன செய்வது என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

யாருடைய முதல்?

இத்தொழிலின் வரலாற்றைச் சற்றே நோக்கினால் விடை தேடுவது எளிதாகும். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் 1946-ஆம் ஆண்டில் காற்றுப் புகாத மூடியோடு கூடிய நெகிழிப் பாத்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சாயப் பூச்சு டப்பாவின் மூடியைப் பார்த்தே அம்மூடியை அவர் வடிவமைத்தாராம். பொருள் நல்ல பொருள்தான். எனினும் கடைகளில் அது போதிய அளவு விலைபோகவில்லை. மூடியை அழுத்தி உள்ளிருக்கும் காற்றைச் சிறிது வெளியேற்றி மூட வேண்டும் என்பதை எவரேனும் செய்து காட்டினாலொழிய, வாங்குபவருக்கு அதன் அருமை விளங்கவில்லை.

செய்து காட்டியவர் பிரவுனி வைஸ் என்னும் பெண்மணி. மணமுறிவுக்குப் பின் ஒரு மகனைத் தனியே வளர்த்து வந்த அவர், வீடு வீடாகக் கூட்டம் நடத்தித் துடைப்பம் முதலிய துப்புரவுப் பொருள்களை விற்றுப் பழகியவர். நீர் நிரம்பிய பாத்திரத்தை மூடி, கூடத்தின் மறு கோடிக்கு வீசியெறிந்து, ஒரு துளியும் சிந்தவில்லை என்று அவர் காட்டுவாராம்! டப்பர்வேர் பாத்திரங்களை அவர் அளவுக்கு விற்றவர்கள் அரியர். ஆயினும் அவருக்கும் கடைசி நேரத்துச் சோதனை வந்தது. வாங்குவோரிடம் பணமும் சொல்லும் பெற்றுக்கொண்டு காத்திருக்கையில், நிறுவனத்திலிருந்து சரக்கு காலத்தில் வந்து சேரவில்லை. அவர் வாங்குவோரிடம் சாக்குச் சொல்லிக் கொண்டிருக்கவில்லை. நிறுவனத் தலைவரையே தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். அந்தப் பேச்சின் விளைவாக இருவரும் சந்தித்தனர். 1951-இல் டப்பர் தம் பாத்திரங்களைக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டு வீட்டுக் கூட்டங்களின் வழியாகவே விற்கத் தீர்மானித்தார். அப்பொறுப்பையும் அப்பெண்மணியிடம் ஒப்படைத்தார். 1954-இல் ‘பிசினஸ் வீக்’ என்னும் வணிக இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது.

பிரவுனி வைஸ் செய்ததில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சரக்கு நிறுவனத்துடையது. உழைப்பு விற்கும் சகோதரியுடையது. ஆனால் பத்துப் பெண்கள் ஓரிடத்தில் வந்து அமர்வதற்குக் காரணம் இவ்விரண்டுமல்ல. ‘நம் தெருவில் இருப்பவள் கூப்பிட்டாள், போகாமல் இருப்பது நன்றாயிராது’ என்னும் எண்ணமே அவர்களை அழைத்து வருகிறது. அந்த இல்லத்தரசி பல ஆண்டுகளாகத் தம் தெருவில் சேர்த்து வைத்திருக்கும் நல்ல பெயரைத்தான் நாம் இரண்டு மணி நேரத்துக்கு இரவலாகப் பெறுகிறோம். இரவல் வாங்கிய நகையை எவ்வளவு கவனமாகத் திருப்பிக் கொடுப்போமோ, அவ்வளவு கவனமாக அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் அன்றோ?

ஆகவே கடைசி நேரத்தில் எது தவறினாலும், ‘இந்த இழப்பை யார் சுமப்பது?’ என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அது காசாக இருந்தால் விற்பவர் சுமக்கலாம். நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். அதை இல்லத்தரசியின் தலையிலோ, வாங்க வந்தவர்களின் தலையிலோ ஏற்றுவது மட்டும் ஆகாது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் ஒவ்வொரு சோதனைக்கும் வழி தானே புலப்படும்.

பத்துப் பேருக்கு மூன்று பேர்

எல்லோரையும் அதிகம் வாட்டுவது இதுவே. பாய் விரித்தாயிற்று; பாத்திரங்கள் வரிசையாக அமர்ந்துவிட்டன; மணி பதினொன்று ஆகியும் மூன்று பேர்தான் வந்திருக்கின்றனர். இல்லத்தரசியின் முகம் வாடிப்போகிறது. அவர் கைப்பேசியை எடுத்து ஒவ்வொருவரையாக அழைக்கத் தொடங்குகிறார்.

முதலில் அதைத் தடுத்து நிறுத்துங்கள். வந்தவர்களின் எதிரிலேயே வராதவர்களைக் கெஞ்சி அழைப்பது, வந்தவர்களுக்கும் மதிப்பன்று, அழைப்பவருக்கும் மதிப்பன்று. “அக்கா, வந்திருப்பவர்களே போதும், நாம் தொடங்குவோம்” என்று சொல்லி, நின்று பேசுவதை விட்டு அவர்களோடு பாயில் அமர்ந்துவிடுங்கள். மூவரும் பொருளைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்க்கட்டும். பத்துப் பேர் கூட்டத்தில் கிடைக்காத வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பல நிறுவனங்களில், கூட்டம் நடத்த இடம் தந்த இல்லத்தரசிக்குக் கிடைக்கும் பரிசு அன்றைய விற்பனைத் தொகையைப் பொறுத்தது. கூட்டம் குறைந்தால் விற்பனை குறையும். அப்போது அவர், “நான் அழைத்து நடந்த கூட்டம் இப்படியாகிவிட்டதே” என்று வெட்கப்பட்டு, தமக்குத் தேவையே இல்லாத பாத்திரங்களைத் தாமே வாங்கிக்கொள்ள முன்வருவார். மாதச் செலவுக்கென்று கணவர் கொடுத்த பணம் அங்கே கரைகிறது. விற்ற சகோதரி அன்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். ஆனால் அந்த வீட்டுக் கதவு மறுமுறை திறக்காது.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டைத் திறந்துவிட்டதற்காக ஒரு சிறு பரிசை முன்கூட்டியே தீர்மானித்து, விற்பனை எவ்வளவு ஆனாலும் அதைக் கொடுத்துவிட வேண்டும். அவர் என்ன வாங்க நினைக்கிறார் என்பதையும் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் குறைந்த நாளில் அக்குறிப்புக்கு மேல் அவர் கேட்டால், “இதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம், அக்கா” என்று நீங்களே தடுத்துவிடுங்கள்.

துக்கமும் தூக்கமும்

சில நேரங்களில் கூட்டமே நின்றுவிடும். எதிர் வீட்டுப் பாட்டி விடியற்காலையில் காலமாகியிருப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கியிருப்பார்.

மரணம் நேர்ந்த தெருவில் அன்று விற்பனைப் பேச்சுக்கே இடமில்லை. பைகளை ஆட்டோவிலிருந்து இறக்கவும் வேண்டாம். தெரிந்த குடும்பமாயின் ஒரு நாழிகை சென்று அமர்ந்திருந்து, பின் திரும்புவதே முறை. காரியம் முடியும் வரை புதிய நாளைப் பற்றி வாய் திறக்கலாகாது. மற்றத் தடைகளில், புதிய நாளை இல்லத்தரசியே சொல்லுமாறு விட்டுவிடுங்கள். “அடுத்த செவ்வாய் வைத்துக்கொள்ளலாமா?” என்று வாசலிலேயே நின்று நெருக்கினால், மறுக்க முடியாமல் அவர் சரி என்பார், அந்தச் செவ்வாயும் நின்றுபோகும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு தடை உண்டு. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் ‘ஷிப்டு’ மாறியிருக்கும். இரவு வேலை முடித்து வந்த மனிதர் உள்ளறையில் படுத்திருக்கிறார். கூடத்தில் பத்துப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் எழுகின்றன. அவர் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இல்லத்தரசிக்கு அக்கம்பக்கத்தார் எதிரில் தலைகுனிவு. ஆகவே நாள் குறிக்கும்போதே, “அண்ணனுக்கு அந்த வாரம் எந்த ஷிப்டு?” என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். கேட்ட பின்னும் மாறிப்போனால், விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு, விலைப்பட்டியலை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுச் சத்தமின்றி எழுந்துவிடுங்கள். விற்பனை நாளையும் நடக்கும். உழைத்துவிட்டு வந்த மனிதரின் தூக்கத்தை நாளைக்குத் தள்ளிவைக்க முடியாது.

மழையும் மின்சாரமும் ரயிலும்

இயற்கை கொடுக்கும் சோதனைகளில் எவர் மேலும் குற்றம் இல்லை. ஆனால் அவற்றில் பாதியை முன்னரே அறியலாம். மின்வாரியத்தார் பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கின்றனர்; நாளிதழ்களிலும் அது வெளிவருகிறது. அந்த நாளைத் தவிர்த்தால் போயிற்று. அறிவிப்பின்றி நிற்கும் நேரத்துக்கு மின்னேற்றிய விளக்கு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்தில் இயங்கும் பொருளை மட்டும் நம்பிக் கூட்டம் நடத்துவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆரணியாற்றுப் பக்கத்தில் வாழும் நமக்கு மழையின் குணம் தெரியும். 2023 டிசம்பர் மாதத்து ‘மிக்ஜாம்’ புயலின்போது நம் வட்டாரம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போதே மாற்று நாள் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். “மழை வந்தால் வெள்ளிக்கிழமை” என்ற ஒரு வரி, பத்து வீடுகளுக்குச் செய்யும் பத்து அழைப்புகளை மிச்சப்படுத்தும்.

சென்னையிலிருந்து அன்று காலை ரயிலில் சரக்கைக் கொண்டுவந்து அன்றே கூட்டத்தில் வைக்கலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. 2024 அக்டோபர் 11 அன்று இரவு, நமக்கு அடுத்த நிலையமான கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா செல்லும் விரைவு ரயில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின்மேல் மோதித் தடம் புரண்டது. அந்தத் தடத்தின் போக்குவரத்தே நிலைகுலைந்தது. அத்தகைய நாள் எப்போதோ ஒருமுறைதான் வரும். ஆனால் அரை மணித் தாமதம் வாரத்துக்கு ஒரு நாளேனும் வரலாம். சரக்கு முதல் நாள் மாலையே வீடு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் கைக்கொள்ளத்தக்க நியதி.

மூடி ஒழுகினால்

கூட்டத்தின் நடுவே, “ஒரு சொட்டும் சிந்தாது” என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைக் கவிழ்க்கிறீர்கள். சொட்டுச் சொட்டாக நீர் வடிகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்நேரத்தில், “மூடியைச் சரியாக அழுத்தவில்லை” என்று சமாளித்து மறுபடி மறுபடி முயலத் தோன்றும். ஒருமுறை சரியாக மூடிப் பாருங்கள். பின்னும் ஒழுகினால், “இந்த மூடி சரியில்லை, இதை நான் திருப்பி அனுப்பப் போகிறேன்” என்று சொல்லி, எல்லோரும் காண அதைத் தனியே வைத்துவிடுங்கள். பழுதுள்ளதைப் பழுது என்று சொல்பவர், நல்லதை நல்லது என்று சொல்லும்போதுதான் கேட்பவர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். ஆயினும் முதல் நாள் இரவே ஒவ்வொரு பாத்திரத்திலும் நீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டால் இந்தச் சிரிப்புக்கே இடமிராது.

இதனினும் கடினமானது, முன்பு வாங்கியவர் ஒருவர் எழுந்து, “போன வருடம் வாங்கினேன், விரிந்துவிட்டது” என்று கூட்டத்தில் சொல்வது. “நீங்கள் கொதிநீரை ஊற்றியிருப்பீர்கள்” என்று அவர்மேல் பழியைத் திருப்பினால், அவரோடு அக்கூட்டமும் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிடும். அவர் சொல்வதை முழுமையாகக் கேட்டு, அனைவரும் பார்க்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விடை சொல்லும் நாளையும் குறிப்பிடுங்கள். அந்த நாளில் விடையோடு அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். விடை ‘இல்லை’ என்பதாயினும் சொல்லத்தான் வேண்டும்.

இக்காலத்தில் மற்றொன்றும் நேர்கிறது. ஓர் இளம்பெண் கைப்பேசியைத் திருப்பி, “அக்கா, இதில் இதே பொருள் நூறு ரூபாய் குறைவாக இருக்கிறதே!” என்பாள். அளவும் வகையும் ஒன்றுதானா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒன்றேயாயின், உண்மையை ஒப்புக்கொள்ளுங்கள். உங்களிடம் வாங்கினால் பழுது வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம் என்பதே நீங்கள் தரக்கூடிய மேன்மை. அந்த மேன்மைக்கு நூறு ரூபாய் தகும் என்று எண்ணுபவர் வாங்கட்டும். மற்றவர்களை வற்புறுத்த வேண்டாம்.

ஒரு கணக்கு

சோதனைகளிலெல்லாம் கையைச் சுடுவது, பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில், “இப்போது வேண்டாம், அக்கா. கையில் பணம் இல்லை” என்று கேட்டவர் பின்வாங்குவது. இதனால் வரும் இழப்பைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. பார்ப்போம்.

பத்துப் பெண்கள் ஆளுக்கு 400 ரூபாய்க்குப் பொருள் கேட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000 ரூபாய். விற்பவரின் பங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கணக்குக்காக நூற்றுக்கு 25 என்று கொள்வோம். அவர் நிறுவனத்துக்கு 3,000 ரூபாய் செலுத்திப் பொருளை எடுக்கிறார். இல்லத்தரசிக்குப் பரிசு 150, ஆட்டோவும் மற்றச் செலவும் 120. எல்லோரும் பணம் கொடுத்தால் மிச்சம் 730 ரூபாய். அவர்களில் இருவர் மட்டும் பின்வாங்கினால், கைக்கு வருவது 3,200. அதில் 3,000 நிறுவனத்துக்குப் போயிற்று, 270 செலவாயிற்று. கையிலிருந்து 70 ரூபாய் குறைகிறது; இரண்டு பாத்திரங்கள் அலமாரியில் அமர்ந்துகொள்கின்றன. பத்தில் இருவர் மனம் மாறியதால் ஒரு வாரத்து உழைப்பே கரைந்துவிட்டது!

எனவே பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பின்பே பொருளை வரவழைப்பது நலம். “முன்பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் வரவழைப்பேன். வேண்டாம் என்றால், அதே பொருளை வேறொருவர் எடுத்துக்கொண்டதும் பணத்தைத் திருப்பித் தருவேன்” என்று கூட்டத்திலேயே எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். பின்னர் ஒருவரிடம் மட்டும் சொன்னால் அது மனத்தாங்கலாகும். முன்னரே எல்லோரிடமும் சொன்னால் அது நியதியாகும். பெற்ற தொகையையும் நாளையும் எழுதி, ஒரு படியை அவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

அப்படியும் இழப்பு நேர்ந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் சக்தி நமக்கு இருக்க வேண்டும். மாதக் கடைசி நெருங்கும்போது, ‘இன்னும் இவ்வளவு விற்றால் அடுத்த படிக்கு உயரலாம்’ என்று ஆசை காட்டப்படும். எதிர்பார்த்த கூட்டம் ஒன்று நின்றுபோன மாதத்தில் இந்த ஆசை மிகக் கொடியது. குறையும் தொகைக்குத் தாமே சரக்கை வாங்கிக் குவித்து, அதற்காக வளையலை அடகு வைக்கும் சகோதரிகளும் உண்டு. அடகுக் கடையின் வட்டி ஒரு நாளும் விடுமுறை எடுப்பதில்லை. அலமாரியில் அடுக்கிய பாத்திரமோ ஒரு காசும் ஈட்டுவதில்லை. குறி தவறிய மாதத்தைத் தவறிய மாதமாகவே விட்டுவிடுவது மேல்.

சட்டம் சொல்வது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நேரடி விற்பனைக்கென்றே மைய அரசு 2021 டிசம்பரில் விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, அடையாள அட்டை இன்றியும் முன் அனுமதி இன்றியும் விற்பவர் ஒரு வீட்டுக்குச் செல்லலாகாது. பேச்சைத் தொடங்கும்போதே தாம் யார், எந்த நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறார், என்ன நோக்கத்தோடு வந்திருக்கிறார் என்பவற்றை உண்மையாகச் சொல்ல வேண்டும். விலை, பணம் செலுத்தும் முறை, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் முறை, உத்தரவாதம் ஆகியவற்றையும் விளக்க வேண்டும்.

அவ்விதிகள் விற்பவரையும் காக்கின்றன. சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னும், குறிப்பிட்ட காலத்துக்குள் தண்டம் ஏதுமின்றி விலகிக்கொள்ள இடம் அளிக்க வேண்டும். ஆள் சேர்ப்பதற்கே பணம் கிடைக்கும் என்று எவரேனும் உங்களை அழைத்தால், அது பொருள் விற்பனையன்று. அத்தகைய பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஐயமோ முறையீடோ உள்ளவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைக்கலாம்.

நிறுவனமே சோதனைக்குள்ளானால்

எல்லாவற்றிலும் பெரிய எதிர்பாராமை ஒன்றுண்டு. நாம் யாருடைய பெயரைச் சொல்லி விற்றோமோ அந்த நிறுவனமே தடுமாறுவது. டப்பர்வேர் நிறுவனம் இந்தியாவுக்கு 1996-இல் வந்தது. நம் நாட்டுப் பெண்கள் பலருக்கு வீட்டு விற்பனைக் கூட்டம் என்பதையே அதுதான் அறிமுகம் செய்தது. பெண்கள் அதன் பாத்திரத்தை விலை கூடுதல் என்று தெரிந்தும் வாங்கியதற்கு, நெடுங்கால உத்தரவாதம் பற்றி அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் ஒரு காரணம். அந்தத் தாய் நிறுவனம் 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் நொடிப்புநிலைப் பாதுகாப்புக் கோரி மனுச் செய்தது. செய்தி வந்த மறுநாள், ‘எனக்குச் சொன்ன வாக்கு என்னவாயிற்று?’ என்று வாங்கியவர்கள் அமெரிக்கா சென்றா கேட்பார்கள்? தெருவில் இருக்கும் அக்காவிடந்தானே கேட்பார்கள்?

ஏற்கெனவே ஒருமுறை இதே நிறுவனத்தில், அதனை வளர்த்த கையே வெளியேற்றப்பட்டது. பிரவுனி வைஸ் 1958-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஓராண்டு ஊதியத்துக்கு ஒப்பான தொகை மட்டுமே அவருக்குக் கிடைத்தது. நிறுவனத்தில் அவருக்குப் பங்கு ஏதும் இருக்கவில்லை. அதே ஆண்டில் டப்பர் தம் நிறுவனத்தை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். ஒரு பெயரை நம்பி உழைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நிறுவனம் கை மாறலாம், நொடியலாம், நம்மையே விலக்கலாம். நம்மிடம் எஞ்சுவது நம் தெருக்களில் நமக்குள்ள பெயர் ஒன்றே.

ஆகையால் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசும்போது, “இது நிறுவனம் தரும் வாக்கு, இது நான் தரும் வாக்கு” என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். ‘வாழ்நாள் முழுதும்’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நிறுவனத்தின் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வாக்காக, “பழுது வந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் எழுதிக் கேட்டு, வரும் விடையை வந்து சொல்வேன்” என்பது போதும். அந்த வாக்கை எந்த நிறுவனம் நொடித்தாலும் உங்களால் காப்பாற்ற முடியும்.

சகோதரிகளே, ஒரு கூட்டம் நன்றாக நடந்ததா என்பதை அன்றைய விற்பனைத் தொகையைக் கொண்டு அளப்பதே வழக்கம். நாம் வேறோர் அளவையும் வைத்துக்கொள்வோம். அன்று ஒன்றும் வாங்காமல் எழுந்து சென்ற பெண் ஒருத்தி இருப்பாள். அடுத்த முறை தெருவில் உங்களைக் காணும்போது, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, அல்லது நின்று, “என்ன அக்கா, இந்தப் பக்கம்?” என்று கேட்கிறாளா? நின்று கேட்டால், மழை பெய்து ஆள் வராமற்போன அந்தக் கூட்டமும் நல்ல கூட்டமே.